எனக்கு வராத டைபாய்டு

ஜூலை 6

சி.ஏ. இன்டர் இரண்டு குரூப்பும் பாஸ். மூன்று முறை பதிவு எண்ணைத் தட்டிப் பார்த்தேன். மூன்று முறையும் என் பெயரே வந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"வேற யாரோடதும் இல்லையே கண்ணு?"

என் மேல் அவளுக்கு இருக்கும் நம்பிக்கை அவ்வளவு. குற்றம் சொல்ல முடியாது. எனக்கும் அதே சந்தேகம்தான்.

இனி ஓர் ஆடிட்டரிடம் இரண்டு வருடம் பயிற்சி. ஆர்ட்டிகிள்ஷிப் என்பார்கள். அது இல்லாமல் ஃபைனல் எழுத முடியாது. சேர்த்துக்கொள்ள ஓர் ஆடிட்டர் வேண்டும், அவ்வளவுதான். பரீட்சையே முடிந்துவிட்டது, இது என்ன பெரிய விஷயம் என்று இந்த டைரியில் எழுதி வைக்கிறேன். பின்னால் படித்துச் சிரிக்க உதவும்.

டைரி அப்பாவுடையது. இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுகளுக்கு வருடா வருடம் கொடுப்பது. ஆறு மாதமாக ஒரு வரிகூட எழுதாமல் கிடந்தது.

ஜூலை 8

அவினாசி ரோட்டில் கண்ணாடி போட்ட பெரிய ஆபீஸ். நேரில் வரக்கூடாதாம், இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டுமாம். வாசல் காவலாளியே நேர்காணலை முடித்து அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து படிவத்தைத் திறந்தேன். பெயர், ஊர், இன்டர் மதிப்பெண் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிளஸ் டூ சதவீதம் கேட்ட இடத்தில் நாமாக எழுத முடியாது, கொடுத்திருப்பதில் ஒன்றைத் தொட வேண்டும். 90க்கு மேல், 80 முதல் 90, 70 முதல் 80, 60 முதல் 70. அதற்குக் கீழே இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஐம்பத்தேழு சதவீதம் எடுத்துவிட்டு ஒருத்தி இங்கே வந்து நிற்பாள் என்று அந்தப் படிவத்தைச் செய்தவருக்குத் தோன்றவே இல்லை. பாவம், அவரும் என் அம்மாவும் ஒரே கட்சி.

ஜூலை 9

மறைப்பானேன். பிளஸ் டூவில் 600க்கு 341. தமிழ் 91, ஆங்கிலம் 62, பொருளியல் 54, வணிகவியல் 51, கணினி 40. கணக்குப்பதிவியல் 43. ஆடிட்டராகப் போகிறவள் கணக்கில் நாற்பத்து மூன்று. கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொள்வார்கள்.

காரணம் என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். காரணம் இல்லை. புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் கடைசி பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு சி.ஏ.வின் முதல் பரீட்சையான ஃபவுண்டேஷனுக்கு இரண்டாம் தடவை படிக்கும்போது, ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்ட கை காய்வதற்குள் பற்றும் வரவும் திடீரென்று புரிந்துவிட்டது. கதை அவ்வளவுதான்.

அப்பாவுக்கு இந்தக் கதை போதவில்லை. பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றே டைபாய்டு என்று சொல்லிவிட்டார். பாலிசி போட வருகிறவர்களிடம், "ஒரு தலைவலி இருந்தாக்கூட மறைக்காமச் சொல்லிப் போடுங்க, பின்னால சிக்கலாயிரும்" என்று படித்துப் படித்துச் சொல்கிற மனிதர், எனக்கு வராத டைபாய்டைச் சிங்காநல்லூர் முழுவதும் பரப்பி வைத்திருக்கிறார். எனக்கொன்றும் வருத்தமில்லை. நேற்றுகூட எதிர்வீட்டு அத்தை, "இப்ப உடம்பு தேவலையா சாமி?" என்று கேட்டார். நான்கு வருடத்துக்கு முந்தைய காய்ச்சல். "தேவலைங்க அத்தை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திருப்பூர் சித்தப்பா போன் செய்தார். அவருடைய பனியன் கம்பெனியில் பில் போட ஆள் வேண்டுமாம். "ஆடி முடியறதுக்குள்ள எடம் கெடைக்கலைன்னா, ஆவணில இங்க வந்து உக்காரட்டும்" என்றார். அப்பா சரி என்றார். என்னை யாரும் கேட்கவில்லை.

ஜூலை 10

ஆர்.எஸ்.புரத்தில் ஓர் ஆடிட்டர். அப்பாவிடம் பாலிசி போட்டவர். அப்பா முன்கூட்டியே அவரிடம் பேசிவிட்டார் என்பது எனக்குத் தெரியாது.

"டைபாய்டாமே?" என்று ஆரம்பித்தார்.

தலையை ஆட்டினேன்.

"எந்த மாசம்?"

"மார்ச்சுங்க சார்."

"பரீட்சையும் மார்ச்சுல தான. காய்ச்சலோடவே எழுதுனியா?"

"ஆமாங்க சார்."

மதிப்பெண் பட்டியலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "தமிழ்ல தொண்ணூத்தியொண்ணு இருக்கே. அன்னைக்கு மட்டும் காய்ச்சல் வல்லியா?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருமுங்க சார்."

"அது மலேரியாம்மா" என்றார். "என் வீட்டுக்காரம்மா டாக்டர்."

சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். பஸ்ஸில் வரும்போது முகம் சுட்டது. அப்போது யாராவது தொட்டுப் பார்த்திருந்தால் டைபாய்டு என்றே நம்பியிருப்பார்கள்.

ஜூலை 13

மூன்று ஆபீஸ். மூன்றிலும் "சொல்லி அனுப்பறோம்." மூன்றிலும் தண்ணீர் கொடுத்தார்கள். கோவைக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள்.

ஜூலை 15

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "இனி யாருகிட்டயும் டைபாய்டுன்னு சொல்லாதீங்ப்பா."

"அப்பறம் என்னன்னு சொல்றது?"

"மார்க்கு கம்மின்னு சொல்லுங்க."

"நீ சும்மா இரு கண்ணு. உனக்கு ஊரைப் பத்தி என்ன தெரியும்? மார்க்கு கம்மின்னா மக்குன்னுதான் நெனப்பாங்க."

மக்கு என்று மற்றவர்கள் நினைப்பார்கள் என்றுதான் சொன்னார். அவர் நினைப்பதாகச் சொல்லவில்லை. அதைத் தெளிவாகப் புரிந்துகொண்டேன். கோபத்தில் ஒரு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 16

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ராம்நகரில் ஆடிட்டர் சுந்தரவடிவேலின் ஆபீஸ், மூன்றாவது மாடி. விவரக்குறிப்பைக் கொடுத்துவிட்டு வரத்தான் போனேன். ஜூலை முப்பத்தொன்றுக்குள் சம்பளக்காரர்கள் எல்லோரும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். எனவே எந்த ஆடிட்டர் ஆபீஸும் இந்த மாதம் கல்யாண வீடு மாதிரிதான். படிக்கட்டிலேயே ஆட்கள். உள்ளே நாற்காலி எல்லாம் ஃபைல். மேனேஜர் விசாலாட்சி அக்கா இரண்டு காதிலும் போனை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"புதுசா? சார் அனுப்புனாரா?"

ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தலையை ஒரு சுற்றுச் சுற்றினேன். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

"அந்த மூலையில உக்காரு. இதுல சம்பள விவரமெல்லாம் இருக்குது, ஒவ்வொண்ணா கம்ப்யூட்டர்ல ஏத்து. சந்தேகம்னா கேளு, தப்பாப் போட்டுட்டு வந்து நிக்காத."

தேர்வு வைக்கிறார்கள் போலிருக்கிறது என்று உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை தேர்வு முடியவில்லை. கிளம்பும்போது, "நாளைக்கு நேரமே வந்துரு" என்றார். என் விவரக்குறிப்பு பைக்குள்ளேயே இருக்கிறது.

ஜூலை 17

ஆடி ஒன்று. காலையில் கிளம்பியதும் அம்மா வாசலை மறித்தாள்.

"ஆடி ஒண்ணுல யாராச்சும் வேலைக்குச் சேருவாங்களா?"

"நான் சேரவே இல்லீங்மா."

சாஸ்திரப்படி என் மேல் ஒரு தப்பும் இல்லை.

ஜூலை 19

ஆடிட்டர் என்னை விசாலாட்சி அக்கா சேர்த்தார் என்று நினைக்கிறார். விசாலாட்சி அக்கா என்னை ஆடிட்டர் அனுப்பினார் என்று நினைக்கிறார். இருவருக்கும் இதைப் பற்றிப் பேச நேரம் இல்லை. நாலு மணி டீக்காரரிடம் சொல்லும் எண்ணிக்கையில் நேற்று முதல் ஒன்று கூடியிருக்கிறது. இந்த ஆபீஸில் நான் இருப்பதற்கு இப்போதைக்கு அந்த டீ ஒன்றுதான் சாட்சி.

பக்கத்து இருக்கை ஹர்ஷினி, பயிற்சிக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. பிளஸ் டூவில் 588. நல்ல பெண். மத்தியானம் சாப்பிடும்போது, "இங்க எண்பது பர்சன்ட்டுக்குக் கீழ எடுக்கவே மாட்டாங்க தெரியுமா? நீ எவ்வளவு?" என்றாள். அவள் தட்டில் எலுமிச்சை சாதத்தை நிறைய வைத்தேன். கேள்வி மறந்துவிட்டது. நாளைக்குப் புளிசாதம் கொண்டுபோக வேண்டும்.

ஜூலை 22

ஆடிட்டர் அறையிலிருந்து வெளியே வந்து, "அந்த மூலையில இருக்கறது யாரு?" என்று கேட்கிற குரல் எனக்குக் கேட்டது. அதே நேரத்தில் விசாலாட்சி அக்கா, "நீ போயி பேங்க்ல இந்தச் செலானைக் குடுத்துட்டு வா" என்று என்னை அனுப்பிவிட்டார். நல்ல வேளை. வெள்ளிக்கிழமையும் இப்படித்தான், அவர் வரும் நேரம் பார்த்து ஜெராக்ஸ் எடுக்க அனுப்பினார். எனக்கு இப்படி அதிர்ஷ்டம் அடித்ததே இல்லை.

ஜூலை 23

அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார், நான் சேர்ந்துவிட்டேன் என்று. எனக்குப் புதுப் பை வாங்கி வந்தார், தோளில் மாட்டுகிற வகை. வண்டியில் கொண்டுவந்து விடுகிறேன் என்றார். மூன்று நாளாகப் பாட்டு முணுமுணுக்கிறார்.

இன்னும் சேரவில்லை அப்பா என்று நான் சொல்லவில்லை. அவருடைய சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று பார்த்தேன். அவர் டைபாய்டு சொன்னதும் ஏறக்குறைய இதே காரணத்துக்காக இருக்கலாம். இந்த யோசனையை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஜூலை 26

ஒரு கல்லூரிப் பேராசிரியர் வந்தார். மாமனாருக்கு வாடகை கொடுப்பதாகப் போட்டு வரியைக் குறைக்கச் சொன்னார். பார்த்தவுடன் அது பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. படிப்பினாலோ திறமையினாலோ அல்ல. பத்தாம் தேதி ஆர்.எஸ்.புரத்தில் என் முகம் எப்படி இருந்திருக்குமோ அதே முகம்.

"எந்த மாசத்துல இருந்துங்க சார் அங்க இருக்கறீங்க?"

"ஏப்ரல்."

"கரண்டு பில்லு அவங்க பேர்லீங்களா, உங்க பேர்லீங்களா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் துடைக்க எனக்கே பாவமாகிவிட்டது. அடுத்த கேள்விக்கு அவரும் மலேரியா பக்கம் போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது.

"வேண்டாங்க சார். நாளைக்கு நோட்டீஸ் வந்தா உங்க மாமனாரையும் சேர்த்துக் கூப்புடுவாங்க. அப்பறம் வீட்டுல பதில் சொல்ல முடியாது."

"அது வாஸ்தவம்" என்றார். வாடகை இல்லாமலே தாக்கல் செய்தோம். போகும்போது என் பெயரைக் கேட்டுக்கொண்டு போனார். விசாலாட்சி அக்கா தன் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 31

வேலை. வேலை. வரித்துறைத் தளம் நின்றது, வந்தது, நின்றது. சாயங்காலம் கடைசிக் கணக்கும் போனது. எல்லோருக்கும் மைசூர்பா. நானும் எடுத்தேன். இனி இவர்களுக்கு என்னைக் கவனிக்க நேரம் இருக்கும் என்று நினைத்ததும் மீதி மைசூர்பாவைத் தாளில் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 1

வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் அழுகை வந்துவிடும்.

பத்து மணிக்கு ஆடிட்டர் கூப்பிட்டார். மேஜை மேல் காகிதமே இல்லை, அதுவே பயமாக இருந்தது. விசாலாட்சி அக்காவும் நின்றுகொண்டிருந்தார்.

"நேத்துப் பேராசிரியர் போன் பண்ணி உன்னைப் பாராட்டுனாரு. யாரு அந்தப் பொண்ணுன்னு யோசிச்சேன். உன்னை நான் சேர்க்கல. இவங்களும் சேர்க்கலைங்கறாங்க. யாரும்மா நீ?"

சொன்னேன். வந்தது, தலையைச் சுற்றியது, எல்லாம்.

அவருக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம். "ரெண்டு வாரமா ஒரு வெளி ஆளு என் கிளையன்ட் ஃபைலெல்லாம் பார்த்திருக்கா! என்னை நம்பிக் குடுத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" விசாலாட்சி அக்கா பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியாதா?"

"மொத வாரமே சந்தேகம் வந்துதுங்க சார்" என்றார் அவர், அமைதியாக. "ஜூலைல யாரு சார் மார்க்கு கேப்பா? கை வேலையைப் பார்த்தேன். ஏத்தறதெல்லாம் நானே ஒருக்கா சரிபார்த்துட்டுத்தான் அனுப்புனேன்."

அந்த நேரத்தில் கதவைத் தட்டிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். கையில் இனிப்புப் பெட்டி, அக்குளில் பாலிசி விளம்பரத் தாள். என் அப்பா.

"வணக்கமுங்க. மயில்சாமிங்க, பாப்பாவோட அப்பா. என்ற பொண்ணைச் சேர்த்துக்கிட்டதுக்கு ஒரு நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தனுங்க."

"நான் சேர்க்கவே இல்லீங்க" என்றார் ஆடிட்டர்.

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி எழுத மாட்டேன்.

ஆடிட்டர் என் மதிப்பெண் பட்டியலைக் கேட்டார். கொடுத்தேன். ரொம்ப நேரம் ஒரே இடத்தைப் பார்த்தார். எந்த இடம் என்று எனக்குத் தெரியும்.

"அக்கவுண்டன்சில என்னாச்சு?"

"அதுங்க, அந்த வருஷம் பார்த்து பாப்பாவுக்கு..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"எனக்கு ஒண்ணும் வல்லீங்க சார்" என்றேன். என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. "டைபாய்டு இல்ல. எதுவும் இல்ல. அப்போ புரியல, கேக்கறதுக்கும் வெக்கமா இருந்துச்சு. அதனால நாப்பத்தி மூணு. இப்போ புரியுதுங்க. உங்களை ஏமாத்தோணும்னு வல்லீங்க, ஆனா ஏமாத்திட்டேன். அதுக்கு மன்னிச்சுருங்க."

ஆடிட்டர் பட்டியலை மடித்து என்னிடம் நீட்டினார்.

"இத்தனை வருஷமா எத்தனையோ பேரைப் பார்த்துட்டேன்" என்றார் ஆடிட்டர். "கம்மி மார்க்குக்குக் காரணம் இல்லாம வந்த மொத ஆள் நீதான்." சிரிக்கவில்லை. "வீட்டுக்குப் போ. யோசிச்சுச் சொல்றேன்."

அப்பாவின் வண்டியில் திரும்பினோம். சிங்காநல்லூர் சிக்னலில் நின்றபோதுதான் வாயைத் திறந்தார்.

"டைபாய்டுன்னே இருந்திருந்தா எடுத்திருப்பான்."

"இருக்கலாமுங்ப்பா."

"நோவுன்னு சொன்னா உன்னை யாரும் கொறை சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சேன் கண்ணு. உன்னைக் கொறை சொன்னா எனக்குத் தாங்காது."

"நீங்க ஒவ்வொருக்கா அதைச் சொல்லும்போதும், என்னைப் பார்த்து நீங்க வெக்கப்படறீங்கன்னு எனக்குத் தோணும்ப்பா. மார்க்கை விட அதுதான் வலிச்சுது."

இதை எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. நான்கு வருடமாகச் சொல்லாமல் இருந்தேன். பச்சை விழுந்தும் அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் எடுத்தார்.

ஆகஸ்ட் 2

வீட்டில் இருந்தேன். மாவு அரைத்தேன்.

ஆகஸ்ட் 4

மாவு தீரவில்லை. சித்தப்பா மறுபடி போன் செய்தார். திருப்பூரில் என் இருக்கைக்கு மேலே ஃபேன் போட்டாயிற்றாம். அப்பா, "பொறு, அவளைக் கேட்டுச் சொல்றேன்" என்றார். நான் உள்ளேயிருந்து கேட்டேன். அம்மாவும் கேட்டாள், கரண்டி நின்றது.

ஆகஸ்ட் 6

விசாலாட்சி அக்கா போன் செய்தார். "திங்கக்கிழமை வா. சாருக்கு இன்னும் கோபம் போவல. ஆனா எண்பது பர்சன்ட்டு எழுதியிருந்த தாளை நோட்டீஸ் போர்டுல இருந்து கிழிச்சுட்டாரு. கையெழுத்து ஆவணி ஒண்ணுலதான், ஆடில வேண்டாமுன்னாரு. அதுவரைக்கும் எந்த ஃபைலையும் நீ தொடக்கூடாது, உக்காந்து படி."

"சரிங்க்கா."

"ஏன் அழுவற?"

"வெங்காயம் அரியறனுங்க்கா."

பொய்தான். இதுவே கடைசி.

ஆகஸ்ட் 17

ஆவணி ஒன்று. கையெழுத்தாகிவிட்டது. இரண்டு வருடம். ஆடிட்டர் பேனாவை மூடிக்கொண்டே, "இனிமே யாராவது எதாவது கேட்டா தலையைச் சுத்தக் கூடாது" என்றார். தலையை நேராக ஆட்டினேன்.

ஆகஸ்ட் 25

எதிர்வீட்டு அத்தை மகனின் புதுவீட்டுப் பால் காய்ச்சு. ஒரு புதுப் பிரச்சினையை இங்கே எழுதியாக வேண்டும்.

அப்பா திருந்திவிட்டார். அளவுக்கு மீறித் திருந்திவிட்டார். இப்போது எங்கே போனாலும் பாலிசியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே என் மதிப்பெண்ணைச் சொல்கிறார். "டைபாய்டெல்லாம் நான் கட்டிவுட்ட கதைங்க. நெசமாவே மார்க்கு கம்மிதான். ஆனா பாருங்க, இன்னைக்கு ஆடிட்டர் ஆபீஸுல இருக்கா!" ஊரே என்னைத் திரும்பிப் பார்க்கிறது. இதற்கு டைபாய்டே பரவாயில்லை என்று சில சமயம் தோன்றுகிறது.

அதோடு நிற்கிறாரா என்றால் இல்லை. அவர் தொழில் அப்படி, எதையும் கொஞ்சம் கூட்டிச் சொன்னால்தான் அவருக்குத் திருப்தி. இந்த விஷயத்தில் கூட்டுவது என்றால் குறைப்பது. போன வாரம் மளிகைக் கடையில் கணக்குப்பதிவியலில் நாற்பது ஆகிவிட்டேன். நேற்று கோவில் வாசலில் முப்பத்தெட்டு.

இன்று பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாரோ ஒரு பெரியவர், கேட்டுக்கொண்டே பாயசத்தை மறந்துவிட்டார். அப்பா கையை உயர்த்திச் சொன்னார்.

"அக்கவுண்டன்சில எவ்வளவுன்னு நெனைக்கறீங்க? முப்பத்தஞ்சு! ஒரு மார்க்கு கொறைஞ்சிருந்தா ஃபெயிலுங்க!"

"நாப்பத்தி மூணு!" என்று இந்த வரிசையிலிருந்தே கத்தினேன். "நாப்பத்தி மூணுங்ப்பா!"

பந்தி மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும், அது நான் எடுத்த மார்க்கு.